ஹார்ட்லி என்றொரு பட்டப்பெயர்

பாராட்டு விழாவுக்கு நான் வரப்போவதில்லை என்று எழுதிய பிறகு நம் பள்ளி வாட்ஸாப் குழுவில் அரை நாள் யாரும் ஒன்றும் போடவில்லை. சாயங்காலம்தான் ஒருவர் வாய் திறந்தார். "நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சுங்க. டீச்சருக்கும் வயசாயிருச்சு. இன்னுமா கோவம் வெச்சிருக்கறீங்க?"

ஆமாங்க, வைத்திருக்கிறேன். அது ஆறவில்லை. ஆறவிடவும் எனக்கு மனமில்லை. ஏன் என்று கேட்டு ஏழெட்டுப் பேர் தனித்தனியாகப் போன் செய்துவிட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லித் தொண்டை வற்றுவதற்குப் பதில் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். படித்துவிட்டும் விழாவுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த டீச்சர் என்று நீங்கள் அச்சடிக்கப்போகும் அட்டையில் என் பெயர் மட்டும் வேண்டாம்.

ஏழாம் வகுப்பு உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. எனக்கு அந்த வருஷம் சத்தமாகத்தான் முதலில் வருகிறது. நல்லூரில் நம் வகுப்பறைச் சுவரை ஒட்டி அந்தப் பக்கம் பனியன் துணி நெய்கிற நிட்டிங் மெஷின்கள். காலையிலிருந்து மணி அடிக்கும்வரை ஒரே சீரான இரைச்சல். மின்சாரம் போனால் திடீரென்று ஊரே செத்துப்போன மாதிரி அமைதியாகிவிடும். அப்போதுதான் டீச்சர் பேசுவது முழுதாகக் காதில் விழும். கரும்பலகை துடைக்க நமக்கு டஸ்டர் வாங்கியதே இல்லை. கட்டிங்கில் கழித்த வேஸ்ட் துணி ஒரு கோணிப்பை நிறைய மூலையில் கிடக்கும். ஒரு நாள் ரோஸ் கலர், ஒரு நாள் பச்சை. நூல் தீர்ந்த அட்டைக் கோன்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ராஜா ராணி விளையாடுவோம். அந்தக் கோன்கள் இப்போது பிளாஸ்டிக்கில் வருகின்றன. அட்டைக் கோனில் இருந்த அந்தப் பசை வாசனையை என் பேத்திக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இங்கிலீஷ் டீச்சரை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. அழகாக உடுத்துவார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை வைத்துத்தான் நான் எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் சாப்பிட்டேன். அதையும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லும் பாடம் அந்த வருஷம்தான் வந்தது. டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன். டால், டாலர், டாலஸ்ட். புத்தகத்தில் மூன்று மரங்கள் படம் போட்டிருந்தது. டீச்சருக்கு மரங்கள் போதவில்லை. "உசிரோட சொல்லிக் குடுத்தாத்தான் மண்டையில நிக்கும்" என்பார். கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டு மூன்று பேரைக் கூப்பிட்டு நிறுத்துவார். உயரத்தில் ஆரம்பித்தார். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டியதே இல்லை. மறுநாள் ஃபேட், ஃபேட்டர், ஃபேட்டஸ்ட். அதற்கு மறுநாள் டார்க், டார்க்கர், டார்க்கஸ்ட். வகுப்பு முழுக்கக் கையை நீட்டி ராகம் போட்டுச் சொல்லவேண்டும். மூன்றாவது கட்டத்தில் நின்றவள் அந்தப் பீரியட் முடியும்வரை அங்கேயே நின்றாள், ஞாபகம் இருக்கிறதா? குண்டு என்று நிறுத்தப்பட்ட பெண் அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றுகொள்வாள். கறுப்பு என்று நிறுத்தப்பட்ட மூன்று பேரில் ஒருவர் இன்றைக்கு இந்தக் குழுவில் இருக்கிறார். விழா என்றதும் கைதட்டும் படத்தை முதலில் போட்டவர் அவர்தான். அதைப் பார்த்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நான் எந்தக் கட்டத்தில் நின்றேன் என்று கேட்பீர்கள். கிளவர், கிளவரர், கிளவரஸ்ட். மூன்றாவது கட்டம். நிமிர்ந்து நின்றேன். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "என்ற கண்ணு" என்று நெட்டி முறித்தாள். அடுத்தவர்களை அடித்த அதே கம்பு என் தோளில் மாலை மாதிரி விழுந்தது. அதனால் அது கம்பு என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடி மாதம் முடிகிற சமயத்தில் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். குடும்பத்தோடு பிழைக்க வந்தவர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் கடைசி அறைக்குக் குடிவந்தார்கள். அப்பா சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற சாயத் தொட்டியிலிருந்து ஈரத் துணியைக் கழியால் தூக்கித் தூக்கிப் போடவேண்டும். அவர் கையைப் பார்த்தால் அன்றைக்குப் பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். முழங்கைவரை நீலம், அல்லது சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைகளோடு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போவார்.

அவளை என் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவளுக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று நான் முதலில் நினைத்தேன். ஒரு வரியைப் படித்துவிட்டு அதிலேயே நின்றுவிடுவாள். அடுத்த வரிக்குப் போகமாட்டாள். இரண்டாவது நாளே எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், டாலுக்கு டாலர்னு வருது. குட்டுக்கு மட்டும் குடர்னு வராம ஏன் பெட்டர்னு வருது?"

"அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணிக்கோ."

"யாரு அப்படி வெச்சாவ?"

வகுப்பு சிரித்தது, கேள்விக்கில்லை, "வெச்சாவ"வுக்கு. டீச்சரும் சிரித்தார். "மொதல்ல தமிழ் ஒழுங்காப் பேசு, அப்புறம் இங்கிலீஷுக்கு வரலாம்" என்றார்.

அவள் உட்கார்ந்து என் காதில் சொன்னாள். "ஏளா, நம்ம பாசையில உசரம் உசரமாவேதான் இருக்கு. 'அவன விட'ன்னு முன்னால ஒன்னு போட்டா முடிஞ்சுது. இவங்களுக்கு அந்த வார்த்தைக்கே வால் மொளைக்குது பாத்தியா?"

கிளவரஸ்டான எனக்கு அது தோன்றியதே இல்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் வாலைச் சரியான இடத்தில் ஒட்டுவது.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. பட்டறையில் கலர் சாம்பிள் துணி ஒட்டுவதற்கு வைத்திருந்த பழைய புத்தகம், அங்கங்கே துணித் துண்டைப் பிய்த்தெடுத்த தழும்பு இருக்கும். அதில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே போவாள். ஒரு பக்கம் ஸ்லோ, எதிரே ஸ்லோலி. குயிக், குயிக்லி. நீட், நீட்லி. ஆள் எப்படி என்று சொல்ல முதல் வார்த்தை, வேலையை எப்படிச் செய்கிறான் என்று சொல்ல இரண்டாவது வார்த்தை என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் புத்தகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். ஃபாஸ்ட் மட்டும் ஃபாஸ்ட்லி ஆகவில்லை என்று கண்டுபிடித்துக் கேட்டபோது டீச்சர் நோட்டைப் பிடுங்கி மேஜைமேல் போட்டார். "பாடத்தைப் படிக்காம என்ன வெட்டி வேலை இது?" என்றார். அன்றிலிருந்து டீச்சருடைய கணக்கில் அவள் டல்.

கேள்வி கேட்கிற பிள்ளை மந்தம், கேட்காமல் ஒப்பிக்கிற நான் புத்திசாலி.

காலாண்டுப் பரீட்சை விடுமுறை முடிந்து வந்ததும் கட்டுரை எழுதச் சொன்னார். மை ஃபாதர். பத்து வரி, ஒப்பிட்டுச் சொல்கிற வார்த்தைகள் கட்டாயம் வரவேண்டும். நான் என் அப்பா கட்டிங் மாஸ்டர் என்பதையும் எல்லா மாஸ்டரை விடவும் உயரமானவர் என்பதையும் எழுதினேன். டீச்சர் நோட்டுகளைத் திருத்திவிட்டு வந்தார். ஒரு நோட்டை மட்டும் தனியாகக் கையில் வைத்திருந்தார். முகத்தில் அடக்கிய சிரிப்பு.

"எல்லாரும் கேளுங்க. மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்லி. ஹீ வொர்க்ஸ் மோர் ஹார்ட்லி தேன் எ மெஷின்." நிறுத்தி நிதானமாகப் படித்தார். "ஹார்ட்லின்னா என்ன அர்த்தம் தெரியுமா? வேலையே செய்யறதில்லைன்னு அர்த்தம். இவங்கப்பா வேலையே செய்ய மாட்டாராம். மெஷின் ஓடாம நின்னுட்டு இருக்குமில்ல, அதைவிட சும்மா நிப்பாராம்!"

அன்றைக்கு மின்சாரம் இல்லை. மெஷின் சத்தம் இல்லை. நாற்பத்திரண்டு பேர் சிரித்த சத்தம் மட்டும் இருந்தது. அதில் என் சிரிப்பும் இருந்தது. உங்கள் சிரிப்பும்.

அவள் எழுந்தாள். "எங்கப்பா ரெண்டு ஷிப்டு பாக்காவ டீச்சர்."

"உக்காரு."

"ஸ்லோன்னா ஸ்லோலி. குயிக்னா குயிக்லி. ஹார்டுன்னா ஹார்ட்லி. நீங்கதான டீச்சர் சொன்னிய."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பெண். விதியைக் கொடுத்தார்கள், அவள் விதிப்படி நடந்தாள். விதி மாறுகிற இடத்தை அவளுக்குச் சொல்லாதது யாருடைய தவறு? "ஹார்ட் அப்படியே ஹார்டாவே வரும், நீ முன்னாடி கேட்ட ஃபாஸ்ட் மாதிரித்தான்" என்று ஒரே வரி சொல்லியிருந்தால் அவள் முகம் மலர்ந்திருக்கும். நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டிருப்பாள். டீச்சர் அதைச் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"நீ எந்திரி. டல். மூணு டிகிரியிலயும் இவளை வெச்சுச் சொல்லு."

எழுந்தேன். சொன்னேன். நோ அதர் கேர்ள் இன் த கிளாஸ் ஈஸ் ஏஸ் டல் ஏஸ் திஸ் கேர்ள். திஸ் கேர்ள் ஈஸ் டல்லர் தேன் எனி அதர் கேர்ள் இன் த கிளாஸ். திஸ் கேர்ள் ஈஸ் த டல்லஸ்ட் கேர்ள் இன் த கிளாஸ். ஒரு தப்பு இல்லை. வேறெந்தப் பெண்ணும் இவளைப் போல மந்தமில்லை, எல்லாப் பெண்களையும் விட இவள் மந்தம், இவள்தான் இருப்பதிலேயே மந்தம். ஒரே அவமானத்தை மூன்று விதமாகத் திருப்பிச் சொல்ல நமக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சர் "வெரி குட்" என்றார். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பை வைக்கிற இடம். அதற்கப்புறம் அந்த இடம் குறையவே இல்லை.

பட்டப்பெயர் மறுநாள் வந்துவிட்டது. அவளுக்கு இல்லை, அவள் அப்பாவுக்கு. பட்டறை விட்டு வீதியில் நடந்து வரும்போது நம் பையன்கள் மதில்மேல் உட்கார்ந்துகொண்டு "ஹார்ட்லி! ஹார்ட்லி!" என்று கத்துவார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏதோ இங்கிலீஷில் வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நீலக் கையைத் தூக்கி, பல் தெரியச் சிரித்து, "ஆர்ட்லி, ஆர்ட்லி" என்று பதில் சொல்லிக்கொண்டு போவார். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஒரு மாதம் பார்த்தேன்.

அவள் வகுப்பில் வாயே திறக்காமல் ஆனாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். அந்த நோட்டை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி டீச்சர் ஆள் அனுப்பினார்.

அவர் வந்த அன்று நான் திருத்திய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு டீச்சர்கள் அறைக்குப் போயிருந்தேன். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் நாற்காலியில் சாயம் ஒட்டிவிடும் என்று நின்றுகொண்டே இருந்தார்.

"உங்க பொண்ணுக்குப் படிப்பு ஏறலைங்க. ரொம்ப டல்லு. வீணா எதுக்குச் செரமப்படறீங்க? பனியன் கம்பெனியில எங்கயாச்சும் சேத்துவிட்டீங்கன்னா கைத்தொழிலாச்சும் கத்துக்குவா" என்று டீச்சர் சொன்னார். குரலில் கடுமை எதுவும் இல்லை. நல்ல யோசனை சொல்கிற குரல். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் தலையை ஆட்டினார். பிறகு தயங்கிக் கேட்டார். "டீச்சர், ஆர்ட்லின்னா என்னது? பிள்ளைய எல்லாம் என்னைய அப்படித்தான் கூப்பிடுது."

டீச்சர் சிரித்துவிட்டார். "அது ஒண்ணுமில்லைங்க, சும்மா விளையாட்டு" என்றார்.

வெளியே வராந்தாவில் அவர் என்னைக் கண்டுபிடித்து நிறுத்தினார். "எம்மா, நீ எங்க வீட்டு முன்னால இருக்க பிள்ளைல்லா? நல்லா படிக்கிறவன்னு எம்மவ சொல்லுவா. நீ சொல்லு. ஆர்ட்லின்னா என்ன?"

உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லிவிட்டு அழுதிருக்கவேண்டும். எனக்கு அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. அது இரக்கம் இல்லை, பயம். அவர் திரும்ப உள்ளே போய் டீச்சரிடம் கேட்டால் என்ன ஆகும் என்ற பயம். "நல்லா, கஷ்டப்பட்டு வேலை செய்யறவருன்னு அர்த்தமுங்க மாமா" என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே நிமிர்ந்தார். "அப்படியா?" என்றார். "அப்படியா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு, படியிறங்கிப் போனார்.

நான்கைந்து நாளில் பட்டறைக்கு வெளியூரிலிருந்து ஒரு மேனேஜர் வந்திருக்கிறார். வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவரையும் பெயர் என்ன, என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். இவர் தன் முறை வந்ததும் தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷை எடுத்துவிட்டார். "நான் ஆர்ட்லி சார்." அந்த மேனேஜர் குலுங்கிச் சிரித்து, அர்த்தம் என்ன என்பதைத் தமிழில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். பட்டறையே சிரித்திருக்கிறது. இதையெல்லாம் லைன் வீட்டில் குழாயடியில் பேசிக்கொண்டதைக் கேட்டு என் அம்மா வந்து சொன்னாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"எங்கப்பாட்ட நீ என்ன சொன்ன?"

"நல்ல அர்த்தமாத்தான்டீ சொன்னேன்."

"டீச்சர் எங்களப் பாத்துச் சிரிச்சாவ. நீ எங்கப்பா வாயாலயே ஊரச் சிரிக்க வெச்சுட்ட."

அவ்வளவுதான். திரும்பிப் போனாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. "நம்மளப் பாத்துச் சிரிக்க எடத்துல நீ படிக்க வேண்டாம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார் என்று கேள்வி.

பெரியவர்கள் யாருக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. என் அம்மா ஒரு படி மேலே போனாள். என் அப்பா வேலை பார்த்த கம்பெனியிலேயே சொல்லி அந்தப் பெண்ணைச் செக்கிங் டேபிளில் சேர்த்துவிட்டாள். "பாவம், அந்தப் புள்ளைக்குப் படிப்பு வரலயாமா. ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறதுக்கு இது தேவலையில்லீங்களா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். உதவி செய்ததாகவே கடைசிவரை நம்பினாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நான் அவளைப் பார்ப்பேன். நின்றுகொண்டு, பனியனில் தொங்குகிற நூல் பிசிறுகளைச் சின்னக் கட்டரால் வெட்டிக்கொண்டிருப்பாள். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கும் பன்னிரண்டு வயது. நான் கையில் தூக்குப்போசியோடு, யூனிஃபார்மில் நிற்பேன். அவள் கட்டரை நிறுத்தமாட்டாள். பொங்கலுக்குப் பிறகு லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு பல்லடம் பக்கம் போய்விட்டார்கள்.

நான் படித்தேன். டீச்சருக்குப் பிடித்த மாணவியாகவே பத்தாம் வகுப்பை முடித்தேன். வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில், வெளிநாட்டுக் கடிதங்களுக்காக ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி வைத்திருந்தார்கள். தலையணை கனம். ஒரு மத்தியானம் வேறு ஏதோ வார்த்தை தேடும்போது அந்தப் பக்கம் வந்தது. ஹார்ட்லி. நாம் படித்த அர்த்தம் முதலில் இருந்தது. அதற்குக் கீழே, பழைய வழக்கு என்று குறித்துவிட்டு இன்னொன்று: பலத்தோடு, கடும் முயற்சியோடு.

ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்களே அந்த வார்த்தையை அவள் எழுதிய அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் விதியைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு காலத்தில் ஒரு தேசமே நின்றிருக்கிறது. அந்த அகராதியை மூடிவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்றைக்கு அப்படி எழுதினால் தப்புதான், திருத்தத்தான் வேண்டும். திருத்துவதற்கும் ஒரு ஆளை வீதியில் விட்டுச் சிரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவரை எப்படிங்க டீச்சர் என்று சொல்வது?

அவளை நான் மறுபடி பார்த்தது வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால். சரக்குப் பார்த்து அனுப்பச் சொல்லி என்னைப் பல்லடம் சாலையில் ஒரு யூனிட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். செக்கிங் இன்சார்ஜ் என்று ஒரு அம்மாவைக் காட்டினார்கள். நரைத்த தலை, கண்ணாடி, காதில் பேனா. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் இங்கிலீஷில் அனுப்பியிருந்த குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போன சரக்கை விட இதில் தையல் நெருக்கமாக இருக்கவேண்டும் என்கிறார்கள் என்று இந்திக்காரப் பையன்களுக்கு அவர்கள் பாஷையில் விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. அவரே படித்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவள்தான் முதலில் என்னைக் கண்டுகொண்டாள்.

"வாங்க. உக்காருங்க. டீ சொல்றனுங்க."

சுத்தமான நம் ஊர்ப் பேச்சு. ஒரு தெற்கத்தி வாடை இல்லை.

அவளைப் பார்த்ததும் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். அகராதியைச் சொன்னேன். நீ எழுதினது அந்தக் காலத்துல சரியான அர்த்தம்தான் என்று சொன்னேன். எத்தனையோ வருஷம் சுமந்த மூட்டையை இறக்குகிற அவசரம் எனக்கு. அவள் முழுதும் கேட்டாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இல்லீங்க. போயி எத்தனையோ வருசம் ஆச்சுங்க. போனப்ப நம்ம இப்ப இருக்கற வயசு கூட அவருக்கு இல்லீங்க."

கொஞ்ச நேரம் டேபிள்மேல் இருந்த பனியனை மடித்தாள். பிறகு பேசியபோது குரல் மாறியிருந்தது. பழைய பேச்சு வந்துவிட்டது.

"மூச்சு வாங்கிட்டே இருந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தனியாத்தான் போனாவ. டாக்டர் இங்கிலீஷ்ல என்னமோ ஒரு பேரு சொல்லியிருக்காரு. சீட்டுலயும் எழுதிக் குடுத்திருக்காரு. அப்படின்னா என்னதுன்னு இவுக கேக்கல. சரிங்கய்யான்னுட்டு வந்துட்டாவ. மறுநாள் காலைல பட்டறைக்கும் போயிட்டாவ. நாங்க அந்தச் சீட்டைப் பாக்கதுக்கு ஆறு மாசம் ஆச்சு. ஏம்ப்பா கேக்கலன்னு அழுதேன். 'அர்த்தம் கேட்டா சிரிப்பாவ பிள்ள'ன்னாவ."

மன்னித்துவிடு என்ற வார்த்தையை இங்கிருந்து கிளம்பும்போதே தயாராக வைத்திருந்தேன் என்று இல்லை. ஆனால் அவளைப் பார்த்த நொடியிலிருந்து அது நாக்கிலேயே நின்றது. சொன்னேன். டீச்சரைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன், "என்னை நீன்னு கூப்பிடு, வாடி போடின்னு பேசு, அடிக்கக் கூடச் செய்" என்றேன். சுற்றி இருந்த பெண்கள் கட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் பேனாவைக் காதிலிருந்து எடுத்து, நான் கையெழுத்துப் போடவேண்டிய தாளை என் முன்னால் நகர்த்தினாள். முகத்தில் கோபம் இல்லை. ஊருக்கெல்லாம் காட்டுகிற மரியாதைதான் இருந்தது.

"டீ ஆறுதுங்க" என்றாள். "குடிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க."